திருக்கோவிலூர்: ஊர் இந்தக் கரையில், ரயில் நிலையம் அந்தக் கரையில்... மாவட்டமும் வேற! எப்படி?

விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலைக்கு ரயிலில் போயிருக்கீங்களா? ஏறக்குறைய பாதி வழியில் 'திருக்கோவிலூர்' என்ற மஞ்சள் பலகை வரும். அங்கே இறங்கி வெளியே வந்து, "இதுதானே திருக்கோவிலூர்?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்க. "இது அரகண்டநல்லூருங்க. திருக்கோவிலூர் ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்று பதில் வரும்.

ஸ்டேஷன் இருப்பது தென்பெண்ணை ஆற்றின் வடகரையில். அது விழுப்புரம் மாவட்டம். ஊர் இருப்பது தென்கரையில். அது கள்ளக்குறிச்சி மாவட்டம். நடுவில் ஆறு.

ஒரு ஊருக்கு ரயில் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், அந்த ரயிலைப் பிடிக்க ஆற்றைத் தாண்ட வேண்டியிருப்பது ஏன்? சங்க காலத்தில் இருந்து இந்த ஆற்றங்கரையில் என்னதான் நடந்தது? ஒரு நாள் ட்ரிப் போனால் எதையெல்லாம் பார்க்கலாம்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரயில் ஏன் ஆற்றைத் தாண்டவில்லை?

பதில் வரைபடத்திலேயே இருக்கு. விழுப்புரமும் தென்பெண்ணைக்கு வடக்கே, திருவண்ணாமலையும் வடக்கே. இரண்டையும் இணைக்கும் தண்டவாளம் ஆற்றைக் கடக்க வேண்டிய அவசியமே இல்லை. திருக்கோவிலூருக்காக மட்டும் தெற்கே போய்த் திரும்பினால் அகலமான பெண்ணை ஆற்றின் மேல் இரண்டு முறை பாலம் கட்ட வேண்டியிருக்கும். அதனால் பாதை வடகரையோடு போனது. பக்கத்தில் இருந்த பெரிய ஊரின் பெயர் ஸ்டேஷனுக்கு வந்தது.

தென்னிந்திய ரயில்வே காலத்தில், 1890களின் தொடக்கத்தில் இந்தத் தடம் வந்தது. அப்போது மீட்டர் கேஜ். விழுப்புரம் முதல் காட்பாடி வரை 161 கி.மீ. நீளம். பிறகு அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2010-ல் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. இப்போது மின்சார இன்ஜின் ஓடும் பாதை. மன்னார்குடி - திருப்பதி பாமணி எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் போகிறது. பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம் சமயங்களில் விழுப்புரம் - திருவண்ணாமலை சிறப்பு ரயில்களும் இதே தடத்தில் விடப்படுகின்றன.

ரயிலை ஒட்டி வடகரையும் வளர்ந்தது. அரகண்டநல்லூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இந்தச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த இடம். அறுவடை சமயத்தில் நெல் மூட்டைகள் இரண்டு கரைகளில் இருந்தும் இங்கே வரும்.

இந்த ஸ்டேஷனில் தூங்கிய 16 வயசுப் பையன்

இந்த ரயில் நிலையத்துக்கு ஒரு கதை உண்டு. 1896 ஆகஸ்ட் கடைசி. மதுரையில் இருந்து வேங்கடராமன் என்ற 16 வயசுப் பையன் வீட்டில் சொல்லாமல் கிளம்புகிறான். போக வேண்டிய இடம் திருவண்ணாமலை. கையில் மூன்று ரூபாய். அவன் பார்த்த பழைய அட்லஸில் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று இருந்தது. அந்த அட்லஸ் அச்சான பிறகுதான் விழுப்புரத்தில் இருந்து புதுப்பாதை போடப்பட்டிருந்தது. பையனுக்கு அது தெரியாது. திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்.

ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்விதான், "விழுப்புரத்தில் இறங்கி மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கு" என்று வழி சொன்னார். விழுப்புரத்தில் இறங்கினால் கையில் சில அணாக்கள்தான் மிச்சம். அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து சுமார் 10 மைல் நடந்து அரகண்டநல்லூர் பாறைக்கோவிலுக்கு வந்து சேர்ந்தான். கோவிலுக்குள் உட்கார்ந்திருந்தபோது பேரொளி ஒன்றைக் கண்டதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

இரவு ஆற்றைத் தாண்டிக் கீழூர் சிவன் கோவில். மறுநாள் கோகுலாஷ்டமி. ஒரு பாகவதர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதில் போட்டிருந்த கடுக்கனை அந்த வீட்டில் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். மீட்டுக்கொள்ள எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டை வழியிலேயே கிழித்துப் போட்டான். மறுநாள் காலை வரை ரயில் இல்லை. அதனால் ஸ்டேஷனிலேயே தூங்கினான்.

1896 செப்டம்பர் 1, காலை ரயிலில் திருவண்ணாமலை. அந்தப் பையன் அதன்பிறகு அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

இன்றைக்கு ரமணாசிரமத்துக்கு உலகம் முழுவதிலும் இருந்து பக்தர்கள் வருகிறார்கள். ஆனால், அவருடைய பயணத்தின் கடைசி இரண்டு நாட்கள் கழிந்த இந்த ஊரில் இறங்கிப் பார்ப்பவர்கள் ரொம்பக் கம்மி.

ஊரும் ஸ்டேஷனும் வேறு வேறு மாவட்டமானது எப்போது?

ரயில் வந்த காலத்தில் இரண்டு கரையுமே தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் உருவானபோதும் இரண்டும் சேர்ந்தே இருந்தன. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது. அப்போது திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சிக்குப் போனது. அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே நின்றது. ரயில் நிலையமும் அதோடு அங்கேயே நின்றுவிட்டது.

கரையைத் தாண்டினால் கலெக்டரே மாறுகிறார். ஆனால் மக்களுக்கு அப்படி இல்லை. பள்ளிக்கூடம், மார்க்கெட், கோவில், பஸ் ஸ்டாண்ட், ரயில் என்று இரண்டு பக்கமும் கலந்துதான் பிழைப்பு.

2,000 வருஷப் பழைய 'கோவலூர்'

ரயிலுக்கு முன்பே இந்த ஊருக்குப் பெரிய வரலாறு உண்டு. பழைய பெயர் திருக்கோவலூர். சங்க காலத்தில் இதைச் சுற்றிய பகுதி மலையமான் நாடு. கடையெழு வள்ளல்களில் ஒருவரான மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர் இதுதான். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இந்தக் கோவலூர் மீது படையெடுத்து வென்றதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன.

பாட்டில் மட்டும்தானா, ஆதாரம் இருக்கா? இருக்கு. பெண்ணைக்கரையில் இருக்கும் ஜம்பை கிராமத்துக் குன்றில், 1981-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை ஒரு தமிழ்பிராமி கல்வெட்டைக் கண்டுபிடித்தது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகைவாழிடம் என்பது அதன் செய்தி.

இது ஏன் முக்கியம்? அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியரோடு 'சத்தியபுத்திரர்' என்று ஒரு பெயர் வருகிறது. அவர்கள் யார் என்று ஆய்வாளர்கள் ரொம்ப நாள் விவாதித்து வந்தார்கள். அதியமான் மரபினர்தான் அவர்கள் என்று காட்டிய கல்வெட்டு, இந்தச் சின்ன கிராமத்துக் குன்றில் இருந்தது.

ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்று

திருக்கோவிலூர் போனால் தவறவே விடக்கூடாத இடம் இது. தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒற்றையாக நிற்கும் பாறை. அதன் உச்சியில் ஒரு சின்னக் கோவில்.

பறம்பு மலை மன்னன் பாரியை மூவேந்தர்கள் வீழ்த்திய பிறகு, அவன் மகள்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர் புலவர் கபிலர். நண்பனின் பிள்ளைகளுக்கு ஒரு வழி செய்துவிட்டு, இந்தப் பாறையில் உயிர் விட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. வடக்கிருந்தார் என்று ஒரு சாரார் சொல்வார்கள். தீப்புகுந்தார் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள்.

சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த நம்பிக்கை கல்லில் ஏறிவிட்டது. கீழூர் வீரட்டானேஸ்வரர் கோவிலில் இருக்கும் ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டு, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்ததைச் சொல்கிறது. இந்தப் பாறையை 'கபிலக்கல்' என்றே குறிப்பிடுகிறது.

ராஜராஜனுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு? இது அவருடைய அம்மா பிறந்த வீடு. சுந்தர சோழனின் பட்டத்தரசி வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். கணவன் இறந்ததும் குழந்தையை விட்டுவிட்டு அவர் தீப்பாய்ந்ததையும் இதே கோவில் கல்வெட்டு பேசுகிறது.

ஒரு இடைகழி, மூன்று ஆழ்வார்கள்

திருக்கோவிலூர் இரண்டு பகுதியாக இருக்கு. கீழூரில் சிவன் கோவில். மேலூரில் பெருமாள் கோவில்.

கீழூர் வீரட்டானேஸ்வரர் கோவில், அட்டவீரட்டத் தலங்கள் எட்டில் ஒன்று. அந்தகாசுரனைச் சிவன் அழித்த இடம் என்பது புராணம். எதிரி சிவனடியார் வேடத்தில் வந்து குத்தியபோதும், அவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்ட வைத்த மெய்ப்பொருள் நாயனார் இந்த ஊரை ஆண்டவர்தான்.

மேலூரில் உலகளந்த பெருமாள் கோவில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. வழக்கமாகப் பெருமாளுக்கு வலக்கையில் சக்கரம், இடக்கையில் சங்கு இருக்கும். இங்கே மாறி, சங்கு வலக்கையில், சக்கரம் இடக்கையில். ஒரு காலைத் தூக்கி உலகத்தை அளக்கும் அந்தப் பெரிய திருமேனியை அண்ணாந்துதான் பார்க்க முடியும்.

பொய்கை, பூதம், பேய் என்ற முதல் மூன்று ஆழ்வார்களும் சந்தித்தது இந்த ஊரில்தான் என்பது வைணவ மரபு. நல்ல மழை இரவு. ஒதுங்க ஒரு வீட்டு இடைகழி. முதலில் வந்தவர் படுத்திருந்தார். இரண்டாமவர் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள். அந்த இருட்டில் நாலாவதாக யாரோ நெருக்குவது போல் இருக்க, அது பெருமாள்தான் என்று உணர்ந்து பாடியவைதான் மூன்று திருவந்தாதிகள் என்று சொல்வார்கள்.

வடகரையில் என்ன பார்க்கலாம்?

ஸ்டேஷன் பக்கமே இருப்பது அரகண்டநல்லூர் அதுல்யநாதேஸ்வரர் கோவில். தேவாரத்தில் இந்த ஊருக்கு 'அறையணிநல்லூர்' என்று பெயர். ஆற்றை ஒட்டிய பாறை மேல் கோவில் நிற்கிறது. பக்கத்திலேயே பாறையைக் குடைந்த பழைய குகைகள் உண்டு. பாண்டவர்கள் தங்கியது என்று ஊரில் சொல்வார்கள்.

திருஞானசம்பந்தர் இங்கிருந்துதான் முதலில் அண்ணாமலையைப் பார்த்தார் என்கிறது பெரியபுராணம். பாறை மேல் நின்றால் ஆறும், எதிர்க்கரை ஊரும் ஒரே பார்வையில் விரியும். போட்டோவுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

வடகரையிலேயே மணம்பூண்டியில் மத்வ மகான் ரகூத்தம சுவாமிகளின் பிருந்தாவனம் இருக்கிறது. கர்நாடகத்தில் இருந்தும் நிறைய பேர் வருவார்கள்.

எப்போது போனால் நல்லது?

தென்பெண்ணை ஜீவநதி கிடையாது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி இங்கே வந்து, கடலூர் அருகே கடலில் சேர்கிறது. வருஷத்தின் பல மாதங்கள் இங்கே மணல்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் ஆறு மாறிவிடும்.

மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள்தான் சுற்றிப் பார்க்க ஏற்ற நேரம். தை 5-ம் தேதி பெண்ணைக்கரை ஊர்களில் ஆற்றுத் திருவிழா களைகட்டும். மணலூர்பேட்டையில் நடக்கும் தீர்த்தவாரிக்குத் திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையாரே எழுந்தருள்வார். ஆற்று மணலில் கடைகள், ராட்டினம், கூட்டம் என்று அன்றைக்கு ஆறே ஊராகிவிடும்.

வெள்ளம் வந்தால் என்ன ஆகும்?

இங்கேதான் விஷயம் சீரியஸ். சாத்தனூர் அணையின் நீர்மட்டம் 119 அடி. ஃபெஞ்சல் புயல் மழையில் அணைக்கு வரத்து எகிற, 2024 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் ஆற்றில் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என நான்கு மாவட்டங்களின் கரையோர ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் இடையே, திறந்து மூன்றே மாதம் ஆகியிருந்த உயர்மட்டப் பாலத்தையே ஆறு அடித்துக்கொண்டு போனது.

திருக்கோவிலூர் மக்களுக்கு இது வெறும் செய்தி இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது தரைப்பாலம். அந்த நேரத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கும், நெல் மூட்டையை மார்க்கெட்டில் இறக்க வேண்டிய விவசாயிக்கும், அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவருக்கும் ஒரே கேள்விதான்: "பாலத்துல போக விடுறாங்களா?"

ஊரும் ஸ்டேஷனும் ஆளுக்கொரு கரையில் இருப்பது சாதாரண நாளில் ஒரு சுவாரசியமான தகவல். மழை நாளில் அதுவே ஊரின் மிகப்பெரிய கவலை. கரையைக் கட்டுவதும், பாலத்தைக் காப்பதும், எச்சரிக்கை கொடுப்பதும் இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

ஒரு நாள் பிளான்

* காலை: திருக்கோவிலூர் ஸ்டேஷனில் இறங்கி அரகண்டநல்லூர் பாறைக்கோவில். வெயில் ஏறும் முன் பார்த்துவிடுங்க, பாறை சுடும்.
* அடுத்து: ஆட்டோவில் ஆற்றைத் தாண்டிக் கீழூர் வீரட்டானேஸ்வரர் கோவில். கல்வெட்டுகளை மறக்காமல் பாருங்க.
* மதியத்துக்குள்: உலகளந்த பெருமாள் கோவில். பெரும்பாலான கோவில்கள் போல மதியம் நடை சாத்திவிடுவார்கள், முன்கூட்டியே போய்விடுங்க.
* மதியம்: பஸ் அல்லது காரில் ஜம்பை.
* மாலை: கபிலர் குன்று. சூரியன் இறங்கும் நேரம் பாறையின் நிழல் மணலில் நீளும் காட்சி அருமையாக இருக்கும்.
* ரயில்கள் குறைவு. திரும்பும் ரயில் நேரத்தைக் காலையிலேயே ரயில்வே செயலியில் பார்த்து வச்சுக்கோங்க. தவறவிட்டால் விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இருக்கு.

கவனம்: ஆற்றில் தண்ணீர் இருந்தால் கபிலர் குன்றைக் கரையில் இருந்தே பாருங்க. மேலே முழங்கால் ஆழம் போலத் தெரியும். ஒரு அடி தள்ளி வைத்தால் பள்ளம் இருக்கலாம். அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. இங்கே மழை இல்லாவிட்டாலும் மேலே பெய்த மழை வந்து சேரும்.

இன்னொரு நாள் இருந்தால்... கல்வராயன் மலை

கையில் இரண்டாவது நாள் இருந்தால் கள்ளக்குறிச்சி போய்க் கல்வராயன் மலை ஏறலாம். அடிவாரத்தில் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை. மேலே போனால் வெள்ளிமலை, கரியாலூர் படகுத்துறை, பெரியார் அருவி, மேகம் அருவி. இங்கே வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த இந்த மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976-ல்தான். நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்து! அருவிகளில் மழைக்காலத்தில் திடீர் வெள்ளம் வரும். வனத்துறை அனுமதிக்கும் இடத்தில் மட்டும் குளியுங்க.

கள்ளக்குறிச்சிக்கு ரயில் இருக்கா?

மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சிக்கு இன்னும் பயணிகள் ரயில் வரவில்லை. சேலம் - விருத்தாசலம் தடத்தில் இருக்கும் சின்னசேலத்தில் இருந்து 16 கி.மீ. தூரத்துக்குப் புதுப்பாதை போடும் திட்டம் பல வருஷங்களாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு ரயில் என்றால் சின்னசேலமோ உளுந்தூர்பேட்டையோ போக வேண்டும். திருக்கோவிலூர்க்காரர்களுக்கு மட்டும், ஆற்றைத் தாண்டினால் பக்கத்து மாவட்டத்தில் தங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன்.

அடுத்த முறை கிரிவலத்துக்கு இந்த வழியாக ரயிலில் போகும்போது, திருக்கோவிலூர் பலகையைப் பார்த்ததும் ஒரு ரயில் இடைவெளிக்காவது இறங்கிப் பாருங்க. 1896-ல் அந்தப் பையன் வழியில் நின்ற கோவிலும் ஆறும் அங்கேயேதான் இருக்கு.